எங்கள் நகரின் நல்ல அண்டைவீட்டார்

எங்கள் நகர்ச் சங்கத்தின் செயலாளர் பிரான்சில் மகள் வீட்டில் சில மாதம் தங்கிவிட்டு வந்த பிறகுதான் எங்கள் தெருவில் எல்லோருக்கும் மூக்கு முளைத்தது. அதுவரை யார் வீட்டில் என்ன கொதித்தாலும் யாரும் கண்டுகொண்டதில்லை.

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி போகிற சாலையில், நெல் விளைந்த நிலத்தில் மண் அடித்து, கல் நட்டு, நகர் என்று பெயர் வைத்த இடம் எங்களுடையது. ஐப்பசியில் மழை இறங்கினால் நிலத்துக்குத் தான் யாரென்று ஞாபகம் வந்துவிடும், கார் நிறுத்துகிற இடத்தில் தவளை கத்தும். குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல சுரக்குடி, நெடுங்காடு பக்கத்திலிருந்து வந்தவர்கள். நாற்றுக்கட்டு சுமந்த அம்மாவுக்கும், எருமை மேய்த்த அப்பாவுக்கும் பிறந்து, படித்து, அரசாங்கச் சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியவர்கள். வீடு கட்டி முடித்த கையோடு முதலில் மறந்தது எருமையைத்தான். என் வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கொரு அலுவலகத்தில் எழுத்தர்கள். எங்களுக்கு மறக்கவில்லை என்று சொல்ல வரவில்லை, மறந்ததாக நடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செயலாளர் ஒரு துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சுக்குப் போகும் முன்பு கைலியோடு தெருமுனை டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருப்பார். திரும்பி வந்தபோது அரைக்கால் சட்டை, தொப்பி, காலை நடைப்பயிற்சி. பால்காரரைப் பார்த்து பிரெஞ்சில் "பொன்ழூர்" என்று வணக்கம் சொன்னார். பால்காரர், "இல்லீங்க, இன்னிக்கு அரை லிட்டர்தான் இருக்கு" என்று பதில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

சித்திரை பாதி போயிருக்கும். பள்ளிக்கூடங்கள் மூடி, வீட்டுக்கு வீடு வெளியூர்ப் பிள்ளைகள் வந்து இறங்கியிருந்தார்கள். காலையிலேயே காற்று நின்றுவிடும். கடல்காற்று கிளம்பி வருவதற்குள் நாங்கள் வெந்து போவோம். அந்த நேரத்தில் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் கூட்டம் போட்டார். பூங்கா என்று நாங்கள் சொல்கிற, கருவேலங்கன்று முளைத்த காலி மனையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "கோடைக்கால நல்ல அண்டைவீட்டார் விதிமுறைகள்" என்று வாசித்தார்.

மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை சத்தம் கூடாது. பிள்ளைகள் தெருவில் விளையாடக் கூடாது. தெருவைப் பார்த்த பக்கம் துணி காயப்போடக் கூடாது. விருந்தாளிகளின் வண்டி அடுத்த வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. தெரு வியாபாரிகள் நிழல் பார்த்து உட்காரக் கூடாது. இப்படியே போய்க் கடைசியில், "அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தருகிற மணமுள்ள பொருட்களை மாடியில் உலர்த்தக் கூடாது" என்றார். அந்த இடத்தில் மட்டும் தாளிலிருந்து தலையைத் தூக்கி, எதிரே ஒருவரையும் பார்க்காமல், மறுபடி குனிந்துகொண்டார்.

"பிரான்ஸ்ல மத்தியானம் ஒரு தெருவுல போய் நின்னு பாருங்க. ஒரு சத்தம் கேக்காது. அதான் நாகரிகம்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டாத தலை அங்கே எனக்குத் தெரிந்து என்னுடையது மட்டும்தான். வருஷம் தவறாமல் வெங்காய வடகம் போட்டு மாடி முழுக்கப் பரப்புகிற எதிர்வீட்டு அக்காகூடத் தலையாட்டினார்.

"வடகமும் மணக்குந்தானே சார்? அதையும் உலர்த்தக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வடகம் வேறங்க" என்றார் செயலாளர்.

"எது வேற இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பை இழுத்தார். செயலாளர் சிரித்தார். "புரிஞ்சவங்களுக்குப் புரியும்மா" என்றார். புரிந்தவர்கள் புரிந்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். வெயிலில் பல் காய்ந்ததைத் தவிர அந்தச் சிரிப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை.

புரிந்தது என்னவென்றால், மூலைவீடு. அதில் வாடகைக்கு இருந்தது, கடலோர மீனவர் ஊரான கருக்களாச்சேரியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். மனைவி டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஊரில் இருக்கிற வீட்டைக் கொழுந்தன் குடும்பத்தோடு பகிர வேண்டும், மகளின் பள்ளிக்கூடம் இங்கிருந்து பக்கம் என்று வந்தவர்கள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும். யாரையும் முகத்துக்கு முன்னால் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று பேசத் தெரியாதவள். எங்கள் தெருவில் அது பெரிய குறை.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கிற மாதங்கள். புருஷன் வீட்டில் இருந்தான், வாசலில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அம்மாவும் வந்திருந்தார். நாட்டுப்படகில் வருகிற மீனை வாங்கி, உப்புப் போட்டு, அந்த அம்மாள் மாடியில் காயவைப்பார். காயும்போது மணக்கத்தான் செய்யும். அதே மணத்தைக் குழம்பாக்கி மூன்று வேளை சாப்பிடுகிறவர்கள்தான் தெருவில் இருக்கிற அத்தனை பேரும். சனிக்கிழமை மட்டும் திருநள்ளாறு போய்விட்டு வந்து சுத்தமாக இருப்பார்கள்.

கூட்டம் முடிந்து சில நாள் கழித்து, எங்கள் அலுவலகங்களுக்கு விடுமுறையான ஒரு நாள், மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலை மூடப் போனேன். தெருவில் செயலாளர், கூடச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், மூலைவீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். மணி இரண்டுகூட ஆகவில்லை. சத்தம் கூடாது என்று விதி போட்ட நேரம். கதவைத் தட்டுகிற சத்தம் என் வீடுவரை கேட்டது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "உனக்கு எதுக்கு வம்பு?" என்று வீட்டுக்காரர் சோபாவிலிருந்து கேட்டார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். புருஷன் வெளியே போயிருந்தான். அவன் அம்மா மூன்று டம்ளரில் நன்னாரி சர்பத் கலந்துகொண்டு வந்து நீட்டினார். செயலாளரின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தாகம் இல்லீங்க" என்றார்.

மற்ற இரண்டு பேரும் டம்ளரைப் பார்த்தார்கள், செயலாளரைப் பார்த்தார்கள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார் ஒருவர். அந்த அம்மாள் தட்டை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டேபிள் மேல் வைத்தார். நான் போய் ஒன்றை எடுத்துக் குடித்தேன். இன்னொன்றையும் குடித்திருப்பேன், வயிற்றில் இடமில்லை. பிரான்சில் மகளின் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கொடுத்ததையெல்லாம் வாங்கிக் குடித்தேன், பெயரே வாயில் நுழையவில்லை என்று பெருமையாகச் சொன்ன மனிதர்தான் இவர்.

"நாங்க தப்பா எதுவும் சொல்ல வரல. பொதுவான விதி. உங்களுக்காகன்னு போட்டது இல்ல" என்று செயலாளர் ஆரம்பித்தார்.

அந்தப் பெண் அன்று விடுப்பில் இருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். "பொதுவான விதின்னா வீடு வீடா போயிச் சொல்லிக்கிட்டு வர்றீங்களா சார்?"

"இல்லம்மா, இங்க மட்டுந்தான்..."

"அப்ப எங்களுக்காகப் போட்டதுதானே?"

செயலாளர் பேச்சை மாற்றினார். "கம்ப்ளெய்ண்ட் வருதும்மா. வாசனை தாங்க முடியலங்கிறாங்க. வயசானவங்க இருக்காங்க, பிள்ளைங்க இருக்காங்க."

"யாரு சொன்னாங்க? பேரு சொல்லுங்க, நானே போயி மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்."

செயலாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அவள் விடவில்லை. "உங்க வீட்டு ஏசி மூணும் ஓடுது. அதுல வடியிற தண்ணி எங்க வாசல்ல வந்து நிக்குது. எம்பொண்ணு வழுக்கி விழுந்தா. நான் யார்கிட்டயாவது வந்து சொன்னேனா? அதுக்கு எந்த விதியில இடம் இருக்கு சார்?"

"அதெல்லாம் பேசித் தீர்த்துக்கலாம்" என்று எழுந்தார்கள். பேசித் தீர்ப்பதற்குத்தான் வந்தோம் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. வெளியே வந்ததும் செயலாளர் என்னிடம், "படிச்ச நீங்களே இப்படிச் சப்போர்ட் பண்றீங்களே" என்றார். படித்ததற்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்த அம்மாள் மறுநாளே மாடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பிரச்சினை வேண்டாம் என்று மகனும் சொல்லிவிட்டானாம். மாடி காலி. ஆனால் தெருவில், "இன்னும் அடிக்குது" என்றார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அடித்தது. எதிர்வீட்டு அக்கா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னிடம், "சுவத்துல ஊறிப்போச்சு" என்றார். அவர் மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

வைகாசி முடிவதற்குள் மூலைவீட்டின் உரிமையாளரிடமிருந்து அவர்களுக்கு போன் வந்தது. அவர் புதுச்சேரியில் இருக்கிறார். சங்கத்திலிருந்து பேசினார்களாம், வீட்டைக் காலி செய்துகொடுங்கள், சொந்தக்காரர்கள் குடிவருகிறார்கள் என்றாராம். அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். அழவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தாள். "பொண்ணுக்கு ஸ்கூல் தொறக்கப் போவுது. இப்பப் போயி வீட்ட எங்கக்கா தேடறது? ஊருக்கே போயிடுறோம்" என்றாள்.

அவர்கள் கிளம்பின காலை, சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதன் பின்பக்கம் எங்கள் வாசலை மறித்தது. தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. திரைச்சீலைகள் மட்டும் அசைந்தன. எத்தனை நல்ல அண்டைவீட்டார்! புருஷனும் டிரைவரும் குளிர்சாதனப் பெட்டியைப் படியில் இறக்க முடியாமல் திணறினார்கள். நான் கையில் ஒரு பாத்திர மூட்டையோடு நின்றிருந்தபோது, பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். வம்பு எதுக்கு என்று அத்தனை வருஷமாகக் கேட்ட மனிதர். வண்டி கிளம்புகிறவரை ஏற்றிக்கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தார். நான் தைலம் தேய்த்துவிட்டேன். அவரைப் பற்றி எனக்கிருந்த இளக்காரத்தில் பாதியை அன்றைக்குக் குறைத்துக்கொண்டேன்.

மூலைவீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒரு வங்கி அதிகாரி. யாருக்கும் சொந்தமில்லை. அவர் வளர்க்கிற நாய் மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்தால் நான்கு வரை குரைக்கும். "நல்ல ஜாதி நாய்" என்றார் செயலாளர். ஒருவரும் புகார் சொல்லவில்லை.

ஆனி மாதம் செயலாளரின் மகள் பிரான்சிலிருந்து வந்தாள். அங்கே பள்ளிக்கூடம் அப்போதுதான் விடுகிறார்களாம். ஆடி பிறப்பதற்குள் மகனுக்குக் காதுகுத்த வேண்டும், மாங்கனித் திருவிழாவும் பார்க்க வேண்டும் என்று குடும்பத்தோடு வந்து இறங்கினாள். வந்த மறுநாள் மாலை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். சின்ன வயதில் என் மகளோடு விளையாடியவள்.

"ஆன்ட்டி, மூலைவீட்டுல இருந்தாங்களே, அவங்க போன் நம்பர் உங்ககிட்ட இருக்குமா? நெத்திலிக் கருவாடு வேணும். அம்மா போன்லயே சொன்னாங்க, அவங்ககிட்ட அவ்வளவு சுத்தமா இருக்கும்னு. போன தடவை அப்பாகிட்ட குடுத்தனுப்புனது சூப்பரா இருந்துச்சு."

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்தார். ஆக, பின்பக்கக் கதவு வழியாகக் கருவாடு வாங்கிக் கட்டி, புருஷன் பெட்டியில் வைத்து, பிரான்சுக்கே அனுப்பியிருக்கிறார். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன ஆள்தான் திரும்பி வந்து விதி போட்டிருக்கிறார். செயலாளரையாவது முட்டாள் என்று விட்டுவிடலாம். இந்த அம்மா கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர். அந்த வீட்டின் பொருள் தன் சமையற்கட்டில் இருக்கும்போதே ஆட்டியவர்.

"அவங்க ஏன் காலி பண்ணினாங்கன்னு அம்மா சொல்லலியா?" என்று கேட்டேன்.

"வேற வீடு பாத்துட்டாங்கன்னு..."

"பாக்கல. பாக்க வச்சாங்க. உங்க அப்பாதான். கருவாடு நாறுதுன்னு." கூட்டம், சர்பத், புதுச்சேரிக்குப் போன போன், எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து என்னைத் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மகளின் முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"அப்பா பேச்சுக்கு நான் என்னத்தச் சொல்றது" என்றார் அந்த அம்மா. அவ்வளவு பெரிய வீட்டில் திரைச்சீலை நிறம் முதல் மருமகன் வரை அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அந்த மகள் தனியாக வந்து, கருக்களாச்சேரிக்கு என்னையும் அழைத்தாள். ஆட்டோவில் போனோம். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டிருந்தன. கொழுந்தன் வீட்டின் பக்கவாட்டில் ஷீட் இறக்கி, அதற்குக் கீழே அவர்களுடைய சாமான்கள். என் வீட்டுக்காரர் தூக்கின குளிர்சாதனப் பெட்டி வெளியேதான் நின்றது, ஓடவில்லை. அந்தப் பெண் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வந்திருப்பது யார் என்று நான் சொன்னேன்.

"எங்க அப்பா செஞ்சது தப்புங்க" என்றாள் செயலாளர் மகள்.

"அத உங்க அப்பா சொல்லட்டும். நீங்க எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. மாமியார் அதற்குள் நெத்திலியை எடுத்துவந்து முறத்தில் கொட்டி, பொறுக்கிக்கொண்டிருந்தார். விலை வாங்க மாட்டேன் என்றார். "வாங்கிக்க அத்த. அவங்க ஒன்னும் நம்ம விருந்தாளி இல்ல" என்றாள் மருமகள். பிறகு அவளே உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே பேப்பர் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு பை போட்டு, டேப் ஒட்டினாள்.

"நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன். உங்க ஊர்ல வாசனை வந்துச்சுன்னா அங்கயும் யாராவது உங்கள வீடு மாத்த வச்சுடப் போறாங்க" என்றாள்.

செயலாளர் மகள் சிரிக்க முயன்று முடியாமல், பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் திரும்பி வரும்போது, "அங்க கீழ்வீட்டுக்காரம்மா நாங்க மீன் வறுத்தா நாறுதுன்னு கதவுல எழுதி ஒட்டிட்டுப் போவாங்க ஆன்ட்டி. அப்பா இருக்கும்போதும் ஒட்டினாங்க. அவரு படிச்சுட்டு ஒன்னுமே பேசல" என்றாள். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவேண்டும் என்று சொன்னாளோ என்னவோ. வரவில்லை. அங்கே வாங்கியதை இங்கே கொண்டுவந்து இன்னொருத்தர் தலையில் இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

காதுகுத்து நடந்தது. தெருவை அடைத்துப் பந்தல். எங்கள் வாசலில் திருவாரூர் வண்டி, நாகப்பட்டினம் வண்டி. ஸ்பீக்கர் பெட்டி மதியம் மூன்று மணிக்கும் அதிர்ந்தது. ஆட்டுக்கறி பிரியாணி வாசனை அடுத்த நகர்வரை போயிருக்கும். தலையாட்டியவர்கள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா பாத்திரம் கொண்டுபோய் வாங்கியும் வந்தார். எங்களுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர், "இடுப்பு வலி, வரமுடியாது" என்று போனில் செயலாளரிடம் சொன்னார். "எப்ப வந்துச்சு?" என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "மூலைவீட்டு ஃபிரிட்ஜ தூக்கினப்ப" என்றார் இவர்.

அதற்குப் பிறகு நான் சங்கக் கூட்டத்துக்குப் போவதில்லை. கருக்களாச்சேரிப் பெண்ணின் மகள் விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தாள். வகுப்பில் தூங்கிவிழுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்களாம். "டவுன்ல எங்கயாவது ஒரு வீடு பாருங்கக்கா. உங்க பக்கம் வேணாம்" என்று அவள் அம்மா என்னிடம் போனில் கேட்டாள். அலுவலகம் விட்டு வருகிற வழியில் தேட ஆரம்பித்தேன். போன இடமெல்லாம் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியோ கரண்டைப் பற்றியோ இல்லை. "என்ன ஆளுங்க?" அதைச் சிலர் பல் தெரியக் கேட்டார்கள். சிலர், "சைவமா?" என்று சுற்றிவளைத்துக் கேட்டார்கள். காரைக்காலில் கடலைப் பார்த்துக் கட்டின வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அப்படிக் கேட்டார்.

கடைசியில் பெரிய பள்ளிவாசல் பக்கம் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரம்மா தனியாள், பிள்ளைகள் சிங்கப்பூரில். கதவைத் திறந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். அவள் எதையும் மறைக்கிற ஆளில்லை. எடுத்த எடுப்பில், "நாங்க கருக்களாச்சேரிங்க. எங்க அத்த மாடியில கருவாடு காயப்போடுவாங்க" என்றாள்.

"போடட்டும். காக்கா தொல்லை தாங்காது, மேல வலை கட்டிக்கங்க" என்றார் அந்த அம்மா. "சுவத்துல ஆணி அடிச்சா மட்டும் எனக்குப் புடிக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

"வலை எங்ககிட்டயே இருக்குங்க" என்றாள் அவள். பிறகு ஆணி அடிக்காமல் அதை எதில் கட்டுவது என்று பார்க்க இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். நான் கீழேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன். மேலே அவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.